குண்டு குறுக்கே விழுகிறதா? வேட்டை ரைபிளில் ட்விஸ்ட் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

வேட்டை ரைபிளில் குண்டு சரியாகப் போகவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் ஸ்கோப்பைத் திட்டுவார்கள், அப்புறம் தோட்டா செய்த கம்பெனியை. பேரலுக்குள் (துப்பாக்கிக் குழலுக்குள்) சுருளாக வெட்டியிருக்கும் புரியின் வேகம், அதாவது ட்விஸ்ட், கடைசியில்தான் நினைவுக்கு வரும். இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் எது நடந்தாலும் ட்விஸ்ட்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் புது பேரலுக்கு ஆர்டர் கொடுப்பார்கள். இரண்டுமே தப்பு. ட்விஸ்ட் கோளாறுக்கென்று தனி அடையாளங்கள் உண்டு, அவற்றைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று சட்டப்படி லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிற இடங்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் இதற்குச் சட்டம் இடம் தராது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அட்டையில் குறி தப்பினால் நஷ்டம் ஒரு தோட்டா, மான் மீது தப்பினால் அது எங்கோ புதருக்குள் கிடந்து மணிக்கணக்கில் துடிக்கும். அதனால் கீழே இருக்கிற சோதனைகள் எல்லாவற்றையும் சீசன் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் எண்களைக் கையில் எடுங்கள்

ட்விஸ்ட் 1:10 என்றால் பேரலுக்குள் 10 அங்குலம் நகர்வதற்குள் குண்டு ஒரு முழுச்சுற்று சுற்றிவிடும். 1:8 அதைவிட வேகம், 1:14 மெதுவு. எண் சிறிதாகச் சிறிதாகச் சுழற்சி கூடும், புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். குண்டின் கனம் பின்பக்கமாக இருக்கிறது, எதிர்க்காற்று மூக்கைத் தள்ளி அதைப் புரட்டப் பார்க்கிறது, பம்பரம் போல வேகமாகச் சுழன்றால்தான் அந்தத் தள்ளலுக்கு மசியாமல் மூக்கு முன்னே நிற்கும்.

எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதை முடிவு செய்வது முக்கியமாகக் குண்டின் நீளம், எடை இல்லை. எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால் எல்லோரும் எடையை வைத்தே பேசிப் பழகிவிட்டார்கள், ஈயக் குண்டு மட்டும் இருந்த காலத்தில் அது ஓரளவு சரியாகவும் வந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. அதே எடைக்குச் செம்புக் குண்டு செய்தால் அது நீண்டுதான் ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் 2013-இல் கையெழுத்தான சட்டத்தின்படி 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை வேட்டையாடுவதற்கும் ஈயம் இல்லாத குண்டுதான் போட வேண்டும். ஈயத்தைத் தின்று காண்டோர் கழுகுகள் சாவதைத் தடுக்க வந்த சட்டம் அது, தேவையான சட்டம். ஆனால் அப்பா காலத்து ரைபிளை வைத்திருப்பவர் கடைக்குப் போய் "அதே 165 கிரெய்ன், செம்பில் கொடுங்கள்" (கிரெய்ன் என்பது குண்டின் எடை அலகு) என்று கேட்டு வாங்கிவந்தால், ட்விஸ்ட் கோளாறு அவர் வீட்டுக்கு வந்து சேர்கிற வழியும் அதுதான்.

ட்விஸ்ட் எவ்வளவு என்று பேரல் மேலேயே பொறித்திருக்கலாம். இல்லாவிட்டால் நீங்களே அளந்துவிடலாம். அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். கைப்பிடியில் பேரிங் வைத்துத் தானாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றிப் பேரலுக்குள் தள்ளி, துணி புரியைப் பிடித்த பிறகு கம்பியில் ஒரு டேப் கொடி ஒட்டுங்கள். கொடி மேலே பார்த்திருக்கும்போது கம்பியில் ஒரு கோடு, மெதுவாக இழுத்துக்கொண்டே வந்து கொடி ஒரு முழுச்சுற்று சுற்றி மறுபடியும் மேலே பார்க்கும்போது இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் உங்கள் ட்விஸ்ட். துணி வழுக்கினால் தப்பான எண் வரும், அதனால் ஒரே அளவு திரும்பத் திரும்ப வருகிறவரை செய்யுங்கள். "இந்த மாடலுக்கு 1:10தான்" என்று யாராவது சொன்னதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் ட்விஸ்ட் மாறியிருக்கிறது.

குண்டின் நீளத்தை மூக்கிலிருந்து அடிவரை வெர்னியர் காலிப்பரால் அளக்கலாம். கடையில் வாங்கிய முழுத் தோட்டா என்றால் குண்டைச் செய்த கம்பெனியின் விவரப் பக்கத்தில் நீளமோ, தேவையான குறைந்தபட்ச ட்விஸ்ட்டோ இருக்கும். உதாரணமாக, பார்ன்ஸ் கம்பெனி தன் .224 அங்குல விட்டமுள்ள 70 கிரெய்ன் டிஎஸ்எக்ஸ் என்ற செம்புக் குண்டுக்கு 1:8 அல்லது அதைவிட வேகமான ட்விஸ்ட் வேண்டும் என்று சொல்லியே விற்கிறது. பெட்டியில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்கினால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

இனி கணக்கு. கிரீன்ஹில் 1879-இல் கொடுத்த பழைய சூத்திரத்தில் 150-ஐ குண்டின் விட்டத்தால் இரண்டு முறை பெருக்கி நீளத்தால் வகுத்தால் ட்விஸ்ட் வந்துவிடும், வேகமான தோட்டாக்களுக்கு 150-க்குப் பதில் 180 போடுவார்கள். ஒரு அவசரக் கணக்குக்கு அது போதும். வேட்டைக்கு நான் நம்புவது டான் மில்லர் 2005-இல் வெளியிட்ட சூத்திரத்தை. அது ஒரு நிலைப்பு எண்ணைக் கொடுக்கும்:

நிலைப்பு எண் = 30 × எடை ÷ [ட × ட × வி × வி × வி × நீ × (1 + நீ × நீ)]

எடை கிரெய்னில், 'வி' விட்டம் அங்குலத்தில், 'நீ' என்பது நீளத்தை விட்டத்தால் வகுத்தது, 'ட' என்பது ட்விஸ்ட்டை விட்டத்தால் வகுத்தது. வினாடிக்கு 2800 அடி வேகம், 15 டிகிரி செல்சியஸ், கடல் மட்டம் என்று எடுத்துக்கொண்டு வருகிற எண் இது. 1.0-க்குக் கீழே வந்தால் குண்டு புரளும். 1.0-இலிருந்து 1.3 வரை விளிம்பு, ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. 1.3-க்கு மேல் பெரும்பாலும் சரி. 1.5-க்கு மேல் என்றால் கவலையை விட்டுவிடலாம். பிளாஸ்டிக் மூக்கு வைத்த குண்டுக்கு அந்த மூக்கையும் சேர்த்து அளந்து போட்டால் எண் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும், ஏனென்றால் பிளாஸ்டிக்குக்குக் கனமே இல்லை.

ஓர் உதாரணம் போட்டுவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப வரும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா, 1:12 பேரல். 165 கிரெய்ன் ஈயக் குண்டு, நீளம் 1.20 அங்குலம் என்று வைத்தால் நிலைப்பு எண் 1.77, அருமை. அதே பேரலில் 168 கிரெய்ன் செம்புக் குண்டு, நீளம் 1.41 அங்குலம் என்றால் 1.13. எடையில் வித்தியாசம் மூன்றே கிரெய்ன், எண்ணோ விளிம்புக்குப் போய்விட்டது. அதே செம்புக் குண்டை 1:10 பேரலில் போட்டால் 1.63.

அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லை, சாவித்துவாரம் மாதிரி நீளமாக இருக்கிறது

குண்டு பக்கவாட்டில் போய் அடித்திருக்கிறது. இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஆனால் இதற்கும் ட்விஸ்ட் தவிர வேறு காரணங்கள் உண்டு, அவற்றை முதலில் கழித்துவிடுங்கள்.

ஒரே ரைபிளில் நீளம் குறைந்த வேறொரு குண்டைச் சுட்டுப் பாருங்கள், 25 கஜத்தில் ஒன்று, 50-இல் ஒன்று, 100-இல் ஒன்று. குட்டைக் குண்டு எல்லா இடத்திலும் வட்டமாக அடித்து, நீளக் குண்டு மட்டும் குறுக்கே போனால் ட்விஸ்ட் போதவில்லை என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். எல்லாக் குண்டும் குறுக்கே போனால் பேரலில்தான் கோளாறு. குழல் வாயில் அடிபட்டிருக்கும், அல்லது புரி தேய்ந்து போயிருக்கும், அல்லது குண்டின் விட்டமே பேரலுக்குப் பொருந்தவில்லை. பழைய .303 லீ என்ஃபீல்டில் இது சகஜம், போர்க்காலத்தில் செய்த சில பேரல்களின் உள்விட்டம் பெரிது, அதில் அளவு குறைந்த குண்டைப் போட்டால் புரி அதைப் பிடிக்காமல் சறுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தத் துப்பாக்கியின் ட்விஸ்ட் 1:10, ட்விஸ்ட்டின் மேல் அங்கே எந்தக் குற்றமும் இல்லை.

அமெரிக்காவில் அதிகம் பார்ப்பது .223. பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்கள் பல 1:12, நடுவில் வந்தவை 1:9, இப்போது வருகிறவை 1:8 அல்லது 1:7. மானுக்கு என்று 77 கிரெய்ன் குண்டை எல்லோரும் புகழ்கிறார்களே என்று வாங்கி 1:12-இல் போட்டால், 1.07 அங்குல நீளத்துக்கு நிலைப்பு எண் 0.63. அது பறக்கவே பறக்காது. 1:9-இல் 1.12, 1:8-இல் 1.42. இந்த மூன்று எண்ணையும் பார்த்தால் ஒருவர் "எனக்கு நன்றாகப் போகிறது" என்றும் இன்னொருவர் "குப்பைக் குண்டு" என்றும் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று புரியும், இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். .22 ரிம்ஃபயரிலும் இதே கதை உண்டு. அவை பெரும்பாலும் 1:16, அதற்கு 40 கிரெய்ன் சரி, ஒலியைவிட மெதுவாகப் போகிற 60 கிரெய்ன் சப்சானிக் வாங்கிப் போட்டால் குறுக்கே போகும்.

குழல் வாயில் சப்ரஸர், அதாவது சத்தம் குறைக்கும் குழாய், மாட்டியிருந்தால் இந்தச் சோதனையைத் தொடரவே கூடாது, முதலில் கழற்றுங்கள். புரளுகிற குண்டு சப்ரஸருக்குள் தடுப்புத் தகடுகளை இடித்து அதை உடைத்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. குறிப்பாக .308 ரைபிள் 1:12-ஆக இருந்து அதில் 220 கிரெய்ன் சப்சானிக் சுட ஆசைப்படுகிறவர்கள் கவனிக்கவும். வேகம் 1050 அடிக்கு இறங்கினால் நிலைப்பு எண்ணும் கிட்டத்தட்ட 28 சதவீதம் இறங்கும், ஒன்றரை அங்குலக் குண்டுக்கு அது 0.9 பக்கம் வந்து நிற்கிறது. .300 பிளாக்அவுட்டுக்கு 1:8-உம் 1:7-உம் வைக்கிற காரணம் இதுதான்.

வெடிமருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகத்தின் மூன்றாம் மூலம் அளவுக்குத்தான் நிலைப்பு எண் மாறும். 2700-இலிருந்து 3000 அடிக்கு ஏற்றினால்கூட மூன்றரை சதவீதம்தான் கிடைக்கும், அதற்காக அறை அழுத்தத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோவது கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. குட்டைக் குண்டுக்கு மாறுங்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன .308 1:12-க்கு 130 அல்லது 150 கிரெய்ன் செம்புக் குண்டு எடுத்தால் எண் 1.3-லிருந்து 1.4 வரை வருகிறது, குறுக்கே போவது நிற்க அது போதும், மான் மீது செம்பு போட எவ்வளவு வேண்டும் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். செம்புக் குண்டு எடை இழக்காமல் ஆழமாகப் போகும் என்பதால் ஈயத்தில் 165 போட்டவர் செம்பில் 150-க்கோ 130-க்கோ இறங்கினால் எதையும் இழக்கமாட்டார்.

ஓட்டை வட்டம்தான், ஆனால் இந்த ஒரு குண்டு மட்டும் குரூப் ஆகவே மாட்டேன் என்கிறது

சுட்ட குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுவதைத்தான் குரூப் என்கிறோம். இது கஷ்டமான வகை. நிலைப்பு எண் 1.0-க்கும் 1.3-க்கும் நடுவில் இருக்கிற குண்டு புரளாது, ஆனால் ஆடிக்கொண்டே போகும். 100 கஜத்தில் மூன்று நான்கு அங்குலம் விரியும். ஓட்டைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஏதாவது ஒன்றிரண்டில் ஒரு பக்கம் லேசாக நீண்டு, விளிம்பில் கறுப்புத் தடம் ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

அதற்கு முன் ஸ்கோப் பேஸ் திருகுகள், ஸ்டாக் திருகுகள் இரண்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். செம்புக் குண்டு சுடுவதற்கு முன் பேரலில் இருக்கும் பழைய படிவை முழுசாகச் சுத்தம் செய்யுங்கள், ஒரு வகைக் குண்டின் படிவு மேல் இன்னொரு வகையைச் சுட்டாலே சில பேரல்கள் முறுக்கிக்கொள்ளும். இவ்வளவும் செய்து, பழைய குண்டு நன்றாகக் குத்தி, புதுக் குண்டு மட்டும் விரிந்தால் அப்போது ட்விஸ்ட் பக்கம் திரும்பலாம்.

.243 வின்செஸ்டர் வைத்திருப்பவர்கள் இதில் நிறைய மாட்டுகிறார்கள். அது பெரும்பாலும் 1:10. 100 கிரெய்ன் சாதாரண ஈய மூக்குக் குண்டு, 1.05 அங்குலம், எண் 1.45, பல தலைமுறையாக மான் அடித்துக்கொண்டிருக்கிறது. அதே பேரலில் 105 கிரெய்ன் ஒல்லியான நீள்மூக்குக் குண்டு, 1.25 அங்குலம், எண் 0.92. ஐந்து கிரெய்ன் கூடியதற்கு இவ்வளவு சரிவா என்றால், கூடியது ஐந்து கிரெய்ன் இல்லை, ஒரு அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீளம்.

இதே 6 மில்லிமீட்டர் அளவில் ரெமிங்டன் கம்பெனி பட்ட பாடு பெரிய பாடம். 1955-இல் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒன்றாக வந்தன. தோட்டா அளவில் .244-தான் கொஞ்சம் பெரிது, ஆனால் அதற்கு 1:12 ட்விஸ்ட் வைத்தார்கள், சின்னப் பிராணிகளைச் சுடுவதற்கான தோட்டா என்று நினைத்து. வேட்டைக்காரர்களுக்கோ ஒரே ரைபிளில் மானும் வேண்டும், 100 கிரெய்ன் குண்டும் வேண்டும். 1:10 வைத்த .243 சந்தையைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் ட்விஸ்ட்டை 1:9 ஆக்கி, 1963-இல் 6 எம்எம் ரெமிங்டன் என்று பெயரையே மாற்றினார்கள், அதற்குள் காலம் போய்விட்டது. ஸ்வீடன்காரர்கள் இதை 1894-இலேயே புரிந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவர்களுடைய 6.5×55-க்கு அன்றே 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று, அதாவது ஏறக்குறைய 1:7.9 வைத்தார்கள், 156 கிரெய்ன் நீளக் குண்டுக்காக. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோருக்கு 1:8 வைத்ததை எல்லோரும் புதுமை என்று பேசினார்கள்.

ஆகஸ்டில் நன்றாகப் போனது, நவம்பர் குளிரில் சிதறுகிறது

இதை நிறையப் பேர் கை நடுக்கம் என்றும், குளிரில் மருந்து சரியாக எரியவில்லை என்றும் விட்டுவிடுகிறார்கள். மருந்து கொஞ்சம் மாறும், உண்மைதான். ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அது மூக்கை இன்னும் பலமாகத் தள்ளும். கணக்கு எளிது: வெப்பநிலை செல்சியஸோடு 273-ஐக் கூட்டி 288-ஆல் வகுத்து நிலைப்பு எண்ணைப் பெருக்குங்கள். மைனஸ் 20 டிகிரி என்றால் 0.88. நம் .308 உதாரணத்தில் 1.13 ஆக இருந்த எண் 0.99 ஆகிவிட்டது. ஆகஸ்டில் விளிம்பில் நின்ற குண்டு சஸ்காச்சுவன் குளிரில் கீழே விழுந்துவிட்டது.

அமெரிக்க ராணுவமே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. ஏஆர்-15 முதலில் 1:14 ட்விஸ்ட்டோடு இருந்தது, கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் 55 கிரெய்ன் குண்டு தடுமாறுவதைச் சோதனையில் பார்த்த பிறகுதான் எம்16-க்கு 1:12 ஆக்கினார்கள்.

உயரம் இதற்கு நேர்மாறு. ஒன்பதாயிரம் அடியில் காற்றழுத்தம் 21.4 அங்குலப் பாதரச அளவுக்கு இறங்கிவிடும், கடல் மட்டத்தில் 29.92. அதனால் நிலைப்பு எண் 1.4 மடங்கு கூடும், அதே 1.13 அங்கே 1.58. கொலராடோ மலையில் எல்க் வேட்டையில் பிரமாதமாகப் போன தோட்டாவை அடுத்த மாதம் கடலோரத்துக்குக் கொண்டுபோய் அது சொதப்பினால் அதிசயமில்லை. ஆக, நீங்கள் போகப்போகிற இடங்களிலேயே மிகத் தாழ்வானதும் மிகக் குளிர்ந்ததும் எதுவோ அதற்குக் கணக்குப் போடுங்கள், வேறு எதற்கும் போட வேண்டாம்.

குண்டு அட்டைக்கே வந்து சேரவில்லை

சுட்டீர்கள், சத்தம் கேட்டது, அட்டையில் ஒன்றுமில்லை. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புகைக்கோடு தெரிந்தால், அல்லது அட்டையில் பொடிப்பொடியாக ஈயத் தெறிப்பு இருந்தால், குண்டு காற்றிலேயே பிய்ந்து போயிருக்கிறது. இது ட்விஸ்ட் போதாமையில்லை, ட்விஸ்ட் அதிகம்.

சுழற்சி வேகத்தைக் கண்டுபிடிக்க, வினாடிக்கு எத்தனை அடி என்பதை 720-ஆல் பெருக்கி ட்விஸ்ட்டால் வகுங்கள். .22-250-இல் 3700 அடி வேகம், பழைய 1:14 பேரல் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,90,000 சுற்று. அதே தோட்டா 1:8 பேரலில் 3,33,000. கயோட்டி, ப்ரெய்ரி டாக் மாதிரி சின்னப் பிராணிகளுக்கு என்று மெல்லிய ஜாக்கெட் (ஈயத்தின் மேல் உலோக உறை) போட்ட குண்டுகள் .222 மாதிரி மிதமான வேகத்துக்காகச் செய்தவை, இந்தச் சுழற்சியைத் தாங்காமல் ஜாக்கெட் கிழிந்து போகும். பேரல் தொண்டை கரடுமுரடாகத் தேய்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஜாக்கெட் தடித்த குண்டுக்கோ முழுச் செம்புக்கோ மாறுங்கள், அல்லது வேகம் குறையும்படி தோட்டாவை நிரப்புங்கள்.

இந்த ஒரு விஷயத்தைத் தவிர வேட்டைக்காரருக்கு 'ட்விஸ்ட் அதிகமாகிவிட்டது' என்ற பயம் வேண்டியதே இல்லை. நிலைப்பு எண் 2.5 வந்தாலும் வேட்டைத் தூரத்தில் ஒன்றும் ஆகாது. மேஜையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் 1:14 மாதிரி மெதுவான ட்விஸ்ட்டைத் தேடுவது குண்டில் உள்ள மயிரிழைக் கோணலைக்கூடச் சுழற்சி பெரிதாக்கிவிடும் என்பதற்காக, அவர்களுடைய கணக்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மானின் நெஞ்சுக்கூடு அப்படியில்லை.

தூரம் போகப்போக ஆப் சொன்னதைவிடக் கீழே விழுகிறது

ஆப் என்பது குண்டு எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடும் ஃபோன் செயலி. இந்தக் கோளாறு 300 கஜத்துக்கு அப்பால்தான் தெரியும். முதலில் வேகத்தைக் குரோனோகிராஃபில் அளந்து ஆப்பில் சரியாகப் போட்டிருக்கிறீர்களா, ஸ்கோப் உயரம் சரியா, 100 கஜ ஸீரோ சரியா என்று பாருங்கள், பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும். எல்லாம் சரியென்றால் நிலைப்பு எண்ணைப் பாருங்கள். 1.5-க்குக் கீழே இறங்க இறங்கக் குண்டு மெல்ல ஆடுவதால் காற்றுத்தடை கூடி, பெட்டியில் போட்டிருக்கும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், அதாவது குண்டு காற்றுத்தடையை எவ்வளவு சமாளிக்கும் என்கிற எண், கிடைக்காது. குண்டுகளின் பறப்பை ஆராயும் பிரையன் லிட்ஸ் இதைச் சுட்டு அளந்தே காட்டியிருக்கிறார். அட்டையில் குரூப் அழகாக இருக்கும்போதே இது நடக்கும் என்பதால் யாரும் ட்விஸ்ட்டைச் சந்தேகிப்பதில்லை. ஆப்பில் கோஎஃபிஷியன்ட் எண்ணைக் குறைத்து, நீங்கள் சுட்ட இடத்தோடு பொருந்தும்வரை சரிசெய்துகொண்டால் போதும், பேரலை மாற்ற வேண்டாம்.

மான் மீது பட்டது, ஆனால் குண்டு விரியவில்லை, அல்லது எங்கோ திரும்பிப் போய்விட்டது

இங்கேதான் அதிகமாகக் கதை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உடம்பின் சதை காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி. காற்றில் குண்டை நேராக நிறுத்துகிற சுழற்சி, சதைக்குள் அதை நேராக நிறுத்தப் போதவே போதாது, எந்த ட்விஸ்ட் வைத்தாலும் சரி. உள்ளே குண்டு நேராகப் போவதற்குக் காரணம் அது விரிவதுதான். மூக்கு காளான் மாதிரி விரிந்து, முன்பக்கம் அகலமாகி, குட்டையாகிவிட்டால் அது தானாகவே நேராகப் போகும். விரியாத கூர்மூக்குக் குண்டு உள்ளே புரண்டு திசை மாறும். ஆகவே ஊசி குத்தியது மாதிரி உள்ளே போய் வெளியே வந்திருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: படும்போது வேகம் என்ன? முழுச் செம்புக் குண்டுகள் பலவும் 1800 முதல் 2000 அடி வேகமாவது இருந்தால்தான் நன்றாகத் திறக்கும், ஹார்னடி இஎல்டி-எக்ஸ் மாதிரி ஈயக்கரு குண்டுக்கு அந்தக் கம்பெனி 1600 சொல்கிறது. 400 கஜத்தில் அந்த வேகம் உங்கள் தோட்டாவுக்கு மிச்சமிருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள். இல்லையென்றால் கிட்டே போங்கள், அவ்வளவுதான். ட்விஸ்ட்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

ட்விஸ்ட் இதில் எங்கே வருகிறது என்றால், படுகிற அந்த நொடியில் குண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதில். குழல் வாயை விட்டு வெளியே வந்ததும் எந்தக் குண்டும் கொஞ்சம் தலையாட்டும், போகப்போக அடங்கும். நிலைப்பு எண் குறைந்த குண்டில் அந்த ஆட்டம் பெரிது, அடங்கவும் நேரமாகும். முப்பது நாற்பது கஜத்தில் நின்ற மான் மீது பட்ட குண்டு சாய்வாக நுழைந்தால், செம்புக் குண்டின் மூக்குத் துளைக்குள் சதை நேராக அழுத்தாது, இதழ்கள் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் மூடியே இருக்கும், பாதையும் வளையும். செம்புக் குண்டு செய்கிற சில கம்பெனிகள் 1.5-க்குக் குறையாமல் கேட்பது இதனால்தான். செம்பு போடுகிறவர் 1.3 போதும் என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கருத்தும். அட்டையில் குரூப் ஆகிவிட்டதே என்பது இங்கே பதில் ஆகாது.

பட்ட இடத்திலேயே பிய்ந்து, தோள் எலும்பின் மேலேயே பெரிய ஆழமில்லாத காயமாக நின்றுவிட்டது என்றால் அது பெரும்பாலும் குண்டு தேர்வில் தப்பு. சின்னப் பிராணிக் குண்டை மானுக்குப் போட்டிருப்பீர்கள், அல்லது அதிவேகத்தில் மிகக் கிட்டத்தில் சுட்டிருப்பீர்கள். வேகமான ட்விஸ்ட் கொஞ்சம் கூடுதலாக உதவி செய்திருக்கும், ஏனென்றால் முன்வேகம் குறைகிற அளவுக்குச் சுழற்சி குறையாது, 200 கஜத்திலும் அது கிட்டத்தட்ட முழுசாகவே இருக்கும். ஆனால் மெல்லிய ஜாக்கெட்டைப் பெரிய விலங்கின் மேல் போடாதீர்கள் என்பதே அங்கே மருந்து.

குழல் வாய்வழியாக வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கிகள் (மஸில்லோடர்)

மஸில்லோடரில் ட்விஸ்ட் குழப்பம் இன்னும் அதிகம், ஆனால் தீர்வு சுலபம். 1:66 பக்கம் இருந்தால் துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு, 1:28 பக்கம் இருந்தால் சபோட் என்கிற பிளாஸ்டிக் உறை சுற்றிய நீளக் குண்டுக்கு. 1:48 இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், இரண்டிலும் முதல் தரம் இல்லை. 1:28-இல் உருண்டையைப் போட்டு நிறைய மருந்து இட்டால் துணி புரியைப் பிடிக்காமல் கிழிந்து குண்டு எங்கோ போகும், மருந்தைக் குறைத்துப் பாருங்கள்.

கடைசியில் பேரலையே மாற்றுவது என்றால்

குண்டை மாற்றிப் பார்த்து முடியாதபோது மட்டும். துப்பாக்கிக் கம்மியரிடம் "வேகமான ட்விஸ்ட்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நீங்கள் போடப்போகிற குண்டுகளிலேயே மிக நீளமானதன் பெயரையும் நீளத்தையும் எழுதிக் கொடுங்கள், மைனஸ் 20-இல் கடல் மட்டத்தில் 1.5 வர வேண்டும் என்று சொல்லுங்கள். கீழே வருவது பொதுவான எண்கள்தான், உங்கள் குண்டின் நீளத்துக்கு அந்த 1.5 வருகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்து, வராவிட்டால் இன்னும் வேகமானதைக் கேளுங்கள். .223-க்கு 1:8. .243-க்கு 1:8 அல்லது 1:7.5. .308-க்கு 1:10. .270-க்கு வழக்கமான 1:10 என்பது 150 கிரெய்ன் ஈயம்வரை நிம்மதி, அதற்கு மேல் நீளமான குண்டுகள் வேண்டுமென்றால் 1:8. 2021-இல் வந்த 6.8 வெஸ்டர்ன் 165, 175 கிரெய்ன் குண்டுகளுக்காக 1:8-உம் 1:7.5-உம் வைத்துக்கொண்டதும் அதற்குத்தான். .22-250-இல் 55 கிரெய்னுக்கு மேல் போடவே மாட்டேன் என்றால் 1:14-ஐ அப்படியே விட்டுவிடுங்கள், அதை மாற்றினால் மெல்லிய ஜாக்கெட் குண்டுகளை இழப்பீர்கள். புதுப் பேரல் வந்ததும் துடைப்புக் கம்பியும் டேப்பும் எடுத்து ட்விஸ்ட்டை நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள்.